எண்ணெய்க்கு எட்டாத இரைச்சல்

ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் சிலருக்குக் காதில் 'ஙொய்' என்று தொடங்கும். வெளியே ஒரு சத்தமும் இருக்காது. மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்று சொல்லும் இந்தக் காதிரைச்சலுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

"பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டால் நின்றுவிடும்."

காதில் குறும்பி அடைத்திருந்தால் எண்ணெய் அதைக் கொஞ்சம் இளக்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலோருக்குக் கோளாறு செவிப்பறைக்கு அப்பால், உள்காதில் இருக்கிறது. எண்ணெய் அங்கே போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதில் இறங்கிச் சீழ் பிடிக்க வழி செய்யும். பட்ஸும் ஹேர்பின்னும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

"சத்தம் வருவது காதிலிருந்துதானே?"

அப்படித்தான் தோன்றும். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000 உள்ளன. வயதாலோ, தறிச் சத்தம், வெடிச் சத்தம், இயர்போன் போன்றவற்றாலோ இவை செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. அவை அனுப்பிவந்த ஒலிச் செய்திகள் மூளைக்கு வராமல் நின்றுவிடும். நிலையம் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, மூளையும் அதைத்தான் செய்கிறது என்பது இன்று ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். வேறு காரணத்துக்காகச் செவி நரம்பையே வெட்டிய நோயாளிகள் பலருக்கும் இரைச்சல் தொடர்ந்திருக்கிறது.

"சத்தமில்லாத அறையில் படுத்தால் குறையும்."

கூடத்தான் செய்யும். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், செவித்திறன் குறையாத 80 பேரை ஒலிபுகா அறையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் ஒலி கேட்டது. பேரமைதியில் யாருக்கும் காது இரையலாம். ஆகவே, காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளாதீர்கள். மின்விசிறி ஓடட்டும், ரேடியோ மெல்லப் பாடட்டும். இரைச்சலை அமுக்கும் அளவுக்குச் சத்தமாக வேண்டாம்.

"நரம்புத் தளர்ச்சி, சத்து மாத்திரை போட்டால் போதும்."

நம்மூரில் எதற்கும் இதே பதில்தான். விடாமல் தொல்லை தரும் காதிரைச்சலுக்கு ஜிங்கோ பைலோபா, துத்தநாகம், மெலடோனின் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது.

"ஒன்றும் செய்ய முடியாது, பழகிக்கொள்ளுங்கள்."

இதைச் சில மருத்துவர்களே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் அது படுத்தும் பாட்டைக் குறைக்க வழி உண்டு. செவித்திறனும் குறைந்தவர்களுக்குக் காது மெஷின் வெளி ஒலிகளை மீட்டுத் தருவதால், பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போய்விடுகிறது. பயம் இரைச்சலைப் பெரிதாக்கும்; பெரிதான இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கும்; தூக்கம் கெட்டால் பயம் கூடும். இந்தச் சுழலை உடைக்க, பயமூட்டும் எண்ணங்களை மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. சத்தத்தின் அளவு அப்படியே இருந்தாலும் வேதனை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்டாலோ பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரைச்சலோடு ஒரு காது திடீரென மந்தமானால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.