பள்ளியில் தீ: முன்கூட்டியே செய்ய வேண்டியவை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் மாண்டனர். மாடியிலிருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டே இருந்தது. எனவே முதல் கவனம் வழிக்கே உரியது: படிக்கட்டில் உடைந்த பெஞ்சு, அரிசி மூட்டை எதுவும் கூடாது, பள்ளி நேரத்தில் எந்த வாசலும் பூட்டப்படக் கூடாது. அடுப்பு வகுப்பறைகளை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும்; கீற்றுப் பந்தல் அறவே வேண்டாம்.

தீயணைப்புக் கருவியின் ஊசியை உருவி, தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும். புகைக்குள் தவழ்ந்து வெளியேறுவதைக் குழந்தைகள் பழக வேண்டும். ஒத்திகையின்போது ஆசிரியர் வருகைப் பதிவேட்டுடன் இறங்கி, மைதானத்தில் பெயர் வாசித்துச் சரிபார்ப்பது மிக முக்கியம். விடுபட்ட குழந்தை அப்போதுதான் தெரியும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.