சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் உலோகப் பொய்யிரை

மீன்வளம் பயிலும் மாணவர்க்கும், மீனவர்க்குக் கருவிகள் வாங்கி வழங்கும் பொறுப்பிலுள்ள அலுவலர்க்கும் உலோகப் பொய்யிரை மிகச் சிறிய பொருளாகத் தோன்றக்கூடும். விரல் நீளமுள்ள ஒரு தகடு, ஒரு தூண்டில் முள், ஒரு வளையம், அவ்வளவே. ஆயினும் ஒரு படகு எரிக்கும் எண்ணெயும் அதிலுள்ளோரின் ஒரு நாள் உழைப்பும் பயன்தருவது பல வேளைகளில் இத்தகட்டைப் பொறுத்தே அமைகின்றது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் மாக்கரல் என்னும் ஒரே சொல், நம் கானாங்கெளுத்தியையும் குறிக்கும். அடைமொழி சேர்ந்தால் வஞ்சிரத்தையும் குறிக்கும். இரண்டும் சூரையின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் உணவுப் பழக்கத்தில் இவை வேறுவேறு. கானாங்கெளுத்தி, வாயைத் திறந்தவாறு நீந்தி, செவுள்களிலுள்ள சீப்புப் போன்ற உறுப்பினால் மிதவை உயிரிகளை வடித்துண்பது. கேரளக் கரையில் நெய்மீன் எனப்படும் வஞ்சிரமோ கூரிய பற்களையுடைய வேட்டை மீன். மேலைநாட்டு நூல்கள் மாக்கரலுக்கு உலோக இரையைப் பரிந்துரைக்கும்போது, சிறு மீன்களைத் துரத்தியும் தின்னும் அட்லாண்டிக் இனத்தையே பெரும்பாலும் கருதுகின்றன. அதனை அப்படியே எடுத்துக்கொண்டு கானாங்கெளுத்தி மீனவர்க்குத் தகடுகள் வழங்கினால் அவை பெட்டியிலேயே துருப்பிடிக்கும். அம்மீனுக்கு வலையே உரிய கருவி.

இனி, சூரையைக் காண்போம். உலோகத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே கற்பிப்பது இலட்சத்தீவின் தென்கோடியிலுள்ள மினிக்காய்த் தீவின் கழித்தூண்டில் முறை. வயிற்றில் நீளவாக்கில் கருவரிகள் ஓடும் வரிச்சூரையே அங்குப் பெரும்பான்மையாகக் கிடைப்பது. அதனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தினால், நம் கடைகளில் மாசிக் கருவாடு என விற்கும் பொருள் கிடைக்கும்.

தீவினர் முதலில் காயலில் சிறு மீன்களை வலையிட்டுப் பிடித்து, படகின் நீர் நிறைந்த அறையில் உயிருடன் வைத்துக்கொள்வர். அடிப்பலகைத் துளைகளின் வழியே அவ்வறையில் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும். பறவைக் கூட்டத்தைக் கொண்டு சூரைத்திரளை அறிந்து நெருங்கியதும் அச்சிறு மீன்களை அள்ளி வீசுவர். கடலின் மேற்பரப்பில் மழைபோல் நீரையும் தெளிப்பர். சிறு மீன்கள் துள்ளுவதாக மயங்கிச் சூரைகள் வெறிகொண்டு பாயும். அப்போது மூங்கிற் கழிகளின் நுனியில் தொங்குவது ஈயமோ வெள்ளீயமோ பூசிப் பளபளப்பாக்கிய வெறும் முள்ளேயாகும். அம்முள்ளில் எதிர்முள் இல்லை. எனவே மீனை வீசித் தூக்கியவுடன் கயிறு தளர, அது தானே கழன்று படகினுள் விழுகிறது. முள் அடுத்த நொடியே கடலுக்குத் திரும்புகிறது. திரள் கீழே இறங்கும்வரை கிடைப்பது சில நிமிடங்களே. ஒவ்வொரு மீனின் வாயிலிருந்தும் முள்ளைக் கையால் பிடுங்குவோர்க்கு இந்த வேகம் வாய்க்காது.

ஆக, இங்கே உலோகம் மீனை அழைப்பதில்லை. உயிரிரை அழைத்த மீனைப் பற்றுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தீவுகளின் பவளப்பாறைகள் வெளிறின. அப்பாறைகளை அண்டி வாழும் இரைமீன்கள் கிடைக்காத நாளில் எத்துணை மினுங்கும் முள்ளும் கழித்தூண்டிலுக்கு உதவாது. அந்நாளில் எஞ்சியிருப்பது, படகின் பின்னே பொய்யிரையை இழுத்துச் செல்லும் இழுவைத் தூண்டில். அதற்கு உயிரிரை வேண்டுவதில்லை. ஆதலால் மீனை ஏமாற்றும் முழுப் பொறுப்பும் தகட்டின்மீதே விழுகிறது. தேர்வு என்பது உண்மையில் இங்குதான் தொடங்குகிறது.

பெரிய மீனுக்குப் பெரிய தகடு என்று எண்ணுவது பலருக்கும் இயல்பு. இது தவறு. பிடிக்க விரும்பும் மீனின் அளவு அன்று, அம்மீன் அவ்வேளையில் தின்றுகொண்டிருக்கும் இரையின் அளவே தகட்டின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும். நெத்திலியைத் துரத்தும் சூரை, உள்ளங்கை நீளத் தகட்டை விட்டு விலகிச் செல்லும்; சுண்டுவிரல் அளவுள்ளதைக் கவ்வும். மத்தியையும் முரலையும் வேட்டையாடும் வஞ்சிரத்துக்கே நீண்ட தகடு பொருந்தும். பிடிபட்ட முதல் மீனின் இரைப்பையைக் கீறிப் பார்ப்பது, எந்த விலைப்பட்டியலையும் விடச் சிறந்த வழிகாட்டி.

சிறிய உருவத்திலேயே எடை வேண்டுமெனில் ஈயம் ஏற்றது. 40 கிராம் ஈயம் சுமார் 3.5 கன செ.மீ. இடங்கொள்ளும், அதே எடையுள்ள எஃகு 5 கன செ.மீ. அளவு இருக்கும். ஈயம் 327 பாகை செல்சியஸிலும் வெள்ளீயம் 232 பாகையிலும் உருகுவதால் ஊரிலேயே வார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஈயப்புகை நஞ்சு. வீட்டு அடுக்களையில் இதனைச் செய்ய விடலாகாது. மேலும் ஈயம் விரைவில் மங்கும். வெள்ளீயப் பூச்சு நெடுநாள் மினுங்கும். இழுவைத் தூண்டிலுக்கு வளைந்த எஃகுத் தகடு போதுமானது; அது துள்ளி அசையும், துருப்பிடிக்கா எஃகாயின் துருவையும் தாங்கும்.

நிறத்தைப் பற்றிய விவாதம் தேவைக்கு மிஞ்சியது என்பதே என் கருத்து. செந்நிற ஒளியைக் கடல்நீர் முதற் சில மீட்டர் ஆழத்திலேயே பெரிதும் விழுங்கிவிடுகிறது. எஞ்சுவது மினுக்கமும் அசைவும். ஆகவே மாதிரிகளை மேசைமீது பரப்பி வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, மீனவர் ஓட்டும் வேகத்திலேயே படகின் பக்கவாட்டில் அவற்றை இழுத்துப் பார்க்க வேண்டும். நேராக வரும் தகடு பயனற்றது. இருபுறமும் அசைந்து வருவதே நன்று. ஓயாமல் சுற்றுவது கயிற்றை முறுக்கிவிடும். அதனுடன் சுழலி இணைத்தல் கட்டாயம்.

வஞ்சிரம் இரையின் வால்புறத்தைப் பற்களால் துண்டிக்கும் இயல்புடையது. எனவே அதற்குரிய தகட்டில் முள் வால்நுனியில் இருக்க வேண்டும். தகட்டுக்கு முன்னே ஒரு சாண் எஃகுக் கம்பியும் வேண்டும். கூர்ந்த பார்வையுடைய சூரையோ அக்கம்பியைக் கண்டு தயங்கும். இரையை முழுதாக விழுங்கும் அதற்கு நைலான் இழையே போதும். இரு மீன்களுக்கும் ஒரே பொதியாகக் கருவி வழங்கும் திட்டங்களில் கம்பியைத் தனியே சேர்த்துக் கொடுத்து, கட்டுவதையும் நீக்குவதையும் மீனவரிடமே விட்டுவிடலாம்.