ஸ்கேன் ஆகாத டிக்கெட்டும் உங்கள் பிரமோஷனும்

தியேட்டர் வேலையில் புதிதாகச் சேருகிற பலருக்குக் கேட் ட்யூட்டி என்றாலே முகம் சுருங்கிவிடுகிறது. பாப்கார்ன் கவுண்டரில் ஏசி உண்டு, பாக்ஸ் ஆபீஸில் உட்கார நாற்காலி உண்டு; கேட்டில் கால்வலியும் கஸ்டமர் திட்டும்தான் மிச்சம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு. ட்யூட்டி மேனேஜர் உங்களைக் கண்ணெதிரே எடை போடுகிற இடம் கேட்தான். ஹவுஸ்ஃபுல் ஷோவுக்கு ஸ்கேனர் மக்கர் பண்ணும்போது யார் கையைப் பிசைகிறார், யார் வரிசையை நகர்த்துகிறார் என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்களோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஷிஃப்ட் லீடர் ஆகப்போவது ஒருவர்தான். அது நீங்களாக இருக்கவேண்டும் என்றால் கேட்டில் தடுமாறும் டிக்கெட்டுகளைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 400 சீட் உள்ள ஸ்கிரீன். ஒரே கேட். ஆளுக்கு 6 விநாடி என்றாலும் எல்லாரையும் உள்ளே விட 40 நிமிடம் ஆகும். நடுவில் ஒரு டிக்கெட்டோடு இரண்டு நிமிடம் மல்லுக்கட்டினால், உள்ளே போயிருக்கவேண்டிய 20 பேர் பின்னால் நிற்கிறார்கள். டைட்டில் கார்டு போய்விடுமோ என்ற பதற்றம் அவர்களுக்கு. அந்த 20 பேரின் கோபமும் உங்கள் தலையில்தான் இறங்கும்.

1. ஷிஃப்டுக்கு முன்பே உங்கள் ஸ்கேனரைச் சோதியுங்கள்

கேட் திறந்த பிறகு சார்ஜரைத் தேடுகிறவர் அன்றே ரேஸில் பின்தங்கிவிட்டார். பேட்டரி எவ்வளவு இருக்கிறது? வைஃபை கேட் வரைக்கும் வருகிறதா? ஸ்கேனரில் சரியான தேதி, சரியான ஸ்கிரீன், சரியான ஷோ செலக்ட் ஆகியிருக்கிறதா? லென்ஸில் விரல் ரேகையும் பாப்கார்ன் எண்ணெயும் படிந்திருக்கும். மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு டெஸ்ட் டிக்கெட்டை அடித்துப் பாருங்கள். பெரிய ஹீரோ படத்தின் ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ என்றால் வாசலில் கூடுகிற ஆயிரம் பேரும் ஒரே டவரைப் பிடித்து வீடியோ அப்லோடு செய்வார்கள். மொபைல் டேட்டா படுத்துவிடும். அதனால் உங்கள் ஸ்கேனர் ஆஃப்லைனில் வேலை செய்யுமா, புக்கிங் லிஸ்ட் முன்கூட்டியே டவுன்லோடு ஆகியிருக்கிறதா என்று பாக்ஸ் ஆபீஸில் கேட்டு வையுங்கள். கேட்கிறவர் குறைவு. கேட்டாலே உங்கள் பெயர் மேனேஜர் மனதில் பதியும்.

2. பிரச்னையை வரிசையை விட்டு வெளியே எடுங்கள்

கேட் வேலையின் பாதி இதுதான். ஒரு டிக்கெட் இரண்டு முறை அடித்தும் ஏறவில்லையா? மூன்றாவது முயற்சி வரிசையில் வேண்டாம். “சார், ஸ்கேன்ல சின்னத் தடங்கல். இப்படி ஓரமா வாங்க, உடனே பார்த்துடலாம்” என்று சொல்லி, கையால் இடத்தைக் காட்டுங்கள். அந்த இடத்தை ஷோவுக்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்கவேண்டும். அங்கே உங்கள் டீமில் நிதானமானவர் ஒருவர் நிற்கவேண்டும். தனியாளாக நிற்கிறீர்கள் என்றால், அடுத்த நாலைந்து பேரை விட்டுவிட்டு இவரிடம் திரும்புங்கள். ஆனால் கட்டாயம் திரும்புங்கள். ஓரங்கட்டிவிட்டு மறந்துபோனால், அந்த மனிதர் சத்தம் போடும்போது நியாயம் அவர் பக்கம் இருக்கும்.

3. ஸ்கேனர் என்ன சொல்கிறது என்று படியுங்கள்

புதியவர்கள் செய்கிற பெரிய தவறு, பச்சை எரியாவிட்டால் எல்லாமே ‘டிக்கெட் செல்லாது’ என்று நினைப்பது. சிவப்புக்குப் பின்னால் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகை, ஸ்கேனர் எதையுமே படிக்கவில்லை. பெரும்பாலும் டிக்கெட்டில் குற்றம் இருக்காது, திரையில்தான் இருக்கும். பிரைட்னெஸ் குறைவு, கீறல் விழுந்த ஸ்கிரீன் கார்டு, தலைக்கு மேலே எரிகிற டியூப்லைட் கண்ணாடியில் அடிப்பது, டார்க் மோடில் கறுப்பு வெள்ளை தலைகீழாக மாறியிருப்பது. க்யூஆர் கோடை 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் தொழிற்சாலை பாகங்களைக் கண்காணிக்க உருவாக்கியது. அழுக்குப்பட்டாலும் கிழிந்தாலும் படிக்கமுடிய வேண்டும் என்பதற்காக அதில் பிழைதிருத்தும் வசதி வைத்தார்கள். அதிகபட்ச நிலையில் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் மீட்டுவிடும். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கிற பெரிய சதுரங்கள் தெரிந்தே ஆகவேண்டும். சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை இடமும் வேண்டும். கஸ்டமர் ஆர்வத்தில் ஜூம் செய்து ஒரு மூலையை வெட்டியிருப்பார். “கொஞ்சம் சின்னதாக்குங்க, பிரைட்னெஸ் ஏத்துங்க, போனை லேசா சாய்ங்க” என்று இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். பெரும்பாலான டிக்கெட்டுகள் இதிலேயே ஏறிவிடும்.

வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படம் மங்கலாக இருந்தால், முதலில் வந்த எஸ்எம்எஸ் அல்லது ஆப்பைத் திறக்கச் சொல்லுங்கள். புக்கிங் ஐடி கிடைத்தால் பாக்ஸ் ஆபீஸில் தேடி எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கஸ்டமர் போனை உங்கள் கையில் வாங்காதீர்கள். கீழே விழுந்தால் பழி உங்களுக்கு. தவிர, அந்த நேரத்தில் அதில் வரும் மெசேஜ் உங்கள் கண்ணில் படவேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாம் வகைதான் சிக்கலானது: ‘ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டது’. இங்கே உங்கள் கண் போகவேண்டியது நேரத்துக்கு. ஒரு நிமிடத்துக்கு முன்னால், இதே கேட்டில் என்றால், சத்தத்தில் பீப் காதில் விழாமல் நீங்களே இரண்டாவது முறை அடித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டு உள்ளே விடுங்கள். பத்து நிமிடத்துக்கு முன்னால் என்றால் அடுத்த கேள்வி: “ஒரே புக்கிங்ல எத்தனை பேர் சார்?” நாலு சீட்டுக்கு ஒரே க்யூஆர். இருவர் முன்னால் வந்து நாலையும் சேர்த்து ஸ்கேன் செய்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கிங்கில் மாட்டிய மற்ற இருவர் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறார்கள். இதைத் தவிர்க்க வழி சுலபம். ஸ்கேன் அடிக்கும் முன்பே “நாலு பேரும் வந்தாச்சா?” என்று கேளுங்கள். வரவில்லை என்றால் சீட் நம்பரையும் மீதி ஆள் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லை என்றால், ஒரே டிக்கெட் இரண்டு பேரிடம் இருக்கிறது. முன்பு தியேட்டர் வாசலில் பிளாக்கில் விற்றவர்களின் இடத்தில் இப்போது டெலிகிராம் குரூப்பும் வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கின்றன. ஒரே ஸ்க்ரீன்ஷாட்டை நாலு பேருக்கு விற்கிறார்கள். முதலில் வந்தவர் உட்கார்ந்துவிடுகிறார். அதற்காக முதலில் வந்தவர்தான் உரிமைக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். யார் மொபைல் நம்பரில் புக் ஆனது, யாரிடம் ஒரிஜினல் மெசேஜ் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். சீட்டில் இருப்பவரை எழுப்புவது உங்கள் வேலை இல்லை. ட்யூட்டி மேனேஜரைக் கூப்பிடுங்கள். ஏமாந்து வந்தவரையும் விரட்டாதீர்கள். பணம் போனவர் அவர். சைபர் மோசடிக்கான 1930 என்ற ஹெல்ப்லைன் எண்ணை அவருக்குச் சொல்லுங்கள். உள்ளே விட முடியாதவருக்கும் உதவ ஒரு வழி தெரிந்திருப்பது நல்ல ஊழியருக்கு அடையாளம்.

மூன்றாம் வகை: தேதி, ஷோ, கிளை மாறியது. காலை 10 மணிக்குப் பதில் இரவு 10. இன்றைக்குப் பதில் நாளை. ஒரே கம்பெனிக்குச் சென்னையில் பல மால்களில் தியேட்டர் இருக்கும்போது வேறு மாலுக்கு புக் செய்தவர்கள் தினமும் வருவார்கள். இங்கே வாக்குவாதம் வேண்டாம். திரையில் இருக்கும் தேதியையும் இடத்தையும் விரலால் காட்டுங்கள், அவரே படிக்கட்டும். பிறகு சீட் காலி இருந்தால் கவுண்டருக்கு அனுப்புங்கள். இல்லை என்றால் அந்த மாலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள்.

4. குரலைக் கட்டுப்படுத்துங்கள்

நம் ஊரில் சினிமாவுக்கு யாரும் தனியாக வருவது குறைவு. மனைவி, பிள்ளைகள், மாமனார் என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கும். அவர்கள் முன்னால் “இது டூப்ளிகேட் டிக்கெட்” என்று சத்தமாகச் சொன்னால் நீங்கள் அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டீர்கள். பிறகு எந்த சமாதானமும் எடுபடாது. ‘செல்லாது’, ‘டூப்ளிகேட்’, ‘உள்ள விட முடியாது’ ஆகியவற்றை உங்கள் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். “சிஸ்டம்ல இப்படிக் காட்டுது, செக் பண்ணிடறேன்” என்பது போதும். கோபமாக வருகிறவரிடம் உங்கள் குரல் ஒரு படி இறங்கவேண்டும். வயதானவர் என்றால் ‘ஐயா’, ‘அம்மா’. இளைஞர் என்றால் ‘பிரதர்’கூடப் பரவாயில்லை. யாரையும் ஒருமையில் அழைக்காதீர்கள்.

யாராக இருந்தாலும் இதே மரியாதைதான். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. 2023 மார்ச் 30-ம் தேதி சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை கேட் ஊழியர் உள்ளே விட மறுத்தார். பக்கத்தில் இருந்தவர் எடுத்த வீடியோ அன்றே நாடெங்கும் பரவியது. படத்தின் யு/ஏ சான்றிதழைக் காரணம் காட்டி நிர்வாகம் விளக்கம் கொடுத்தது. பிறகு அவர்கள் படம் பார்த்தார்கள். ஊழியர்கள் மீது வழக்கு பதிவானது. டிக்கெட் வைத்திருப்பவரின் உடையையும் தோற்றத்தையும் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்த வேலைக்கு வராதீர்கள். சரியான டிக்கெட்டோடு வந்தவர் விருந்தாளி.

5. சான்றிதழ் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

அதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. யு/ஏ என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்று அர்த்தம். தடை என்று அர்த்தம் இல்லை. 2023-ல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. அவையும் பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான். ‘ஏ’ சான்றிதழ் வேறு: 18 வயது நிறையாதவர்களை, அப்பா அம்மா கூட வந்தாலும், டிக்கெட் பச்சையில் எரிந்தாலும் விடக்கூடாது. சந்தேகம் இருந்தால் வயதுச் சான்று கேளுங்கள். இதை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவரால் தியேட்டருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

6. எல்லா ஸ்கேனரும் ஒரே நேரத்தில் படுத்தால்

சர்வர் போய்விட்டது. வெளியே முந்நூறு பேர். இந்த நிலைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் ட்யூட்டி மேனேஜருடையது. உங்கள் வேலை அவருக்கு உடனே தகவல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. “ரெண்டு ஸ்கேனரும் டவுன், வரிசை கேன்டீன் வரைக்கும் வந்துடுச்சு, ஷோவுக்கு 12 நிமிஷம் இருக்கு” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கதை வேண்டாம். அவர் ‘பார்த்து விடுங்க’ என்றால் ஷோ, தேதி, சீட் மூன்றையும் கண்ணால் பார்த்து உள்ளே விடுங்கள். உள்ளே டார்ச்சோடு நிற்கிறவர் சீட் சீட்டாகச் சரிபார்க்கட்டும். இதற்காகவே அச்சடித்த புக்கிங் லிஸ்ட் ஒன்று கவுண்டரில் இருப்பது நல்லது. கதவை மூடி கூட்டத்தை நெருக்கவே கூடாது. ஒன்றிரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் நுழைந்தால் நஷ்டம் சில நூறு ரூபாய். நெரிசலில் ஒரு குழந்தை மாட்டிக்கொண்டால் அதற்கு ஈடு கிடையாது.

7. எழுதி வையுங்கள், பிறகு அதை விற்றுக்கொள்ளுங்கள்

போட்டியில் உங்களை முன்னால் கொண்டுபோவது ஒரு பாக்கெட் நோட்டு. தேதி, ஷோ, எந்த ஸ்கேனர், என்ன பிழை, எப்படித் தீர்ந்தது. ஒரு ஷிஃப்டுக்கு நாலு வரி போதும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு புலப்படும். ஒரு கேட்டில் மட்டும் மாலை ஷோவில் ஸ்கேன் தடுமாறுகிறது என்றால் மேற்கு வெயில் நேராகத் திரையில் அடிக்கிறதோ என்று பார்க்கலாம். ஒரு தட்டியோ குடையோ போதும். மேனேஜரிடம் புகாராகப் போகாதீர்கள், தீர்வோடு போங்கள். உங்கள் யோசனையை வேறொருவர் தன் பெயரில் சொல்லிவிடுவதும் நடக்கும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இந்த அனுபவத்துக்குத் தியேட்டருக்கு வெளியேயும் மார்க்கெட் உண்டு. 2023 செப்டம்பர் 10-ல் சென்னை ஈசிஆரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில், டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் வீடு திரும்பினார்கள். நுழைவாயிலைச் சொதப்பினால் மேடையில் எவ்வளவு பெரிய கலைஞர் இருந்தாலும் பேர் கெடும் என்பதை ஈவன்ட் நடத்துகிறவர்கள் அன்று நேரில் பார்த்தார்கள். ஸ்டேடியம், கண்காட்சி, இசை நிகழ்ச்சி என்று எல்லா இடத்திலும் கேட் தெரிந்த ஆள் தேவை. ரெஸ்யூமேவில் ‘டிக்கெட் செக்கர்’ என்று மட்டும் எழுதினால் அதில் எடை இல்லை. எத்தனை சீட் ஸ்கிரீனில் வேலை பார்த்தீர்கள், எத்தனை பேர் டீமை நடத்தினீர்கள், ஸ்கேனர் படுத்த நாளில் ஷோவை எப்படி நேரத்துக்குத் தொடங்க வைத்தீர்கள் என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் ‘கஷ்டமான கஸ்டமரைக் கையாண்ட அனுபவம் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அந்த நோட்டிலிருந்து ஒரு சம்பவம் எடுங்கள்: என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

அடுத்த பெரிய படம் ரிலீஸாகும் நாளுக்கான ஷிஃப்ட் சார்ட் போடும்போது, மற்றவர்கள் நழுவுகிற முதல் ஷோ கேட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள்.