நேர்சரிக் கட்டணம்: விண்ணப்பிக்கும் முன் கணக்குப் போடுங்கள்

பிரித்தானியாவில் டாக்ஸ் கிரெடிட் (உழைக்கும் குடும்பங்களுக்கு வரித்துறை வழங்கிய உதவித்தொகை) 2025 ஏப்ரல் 5ஆம் திகதியுடன் முற்றாக நின்றுவிட்டது. ஆனாலும் பிள்ளையை நேர்சரியில் விட்டு வேலைக்குத் திரும்பும் பெற்றோர் பலர் இன்னும் அதன் பெயரைச் சொல்லியே விசாரிக்கிறார்கள். உதவி இல்லாமல் போய்விடவில்லை, கலங்க வேண்டாம். அது இப்போது வெவ்வேறு வழிகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றில் இரண்டை ஒரே நேரத்தில் பெற முடியாது என்பது தெரியாமல் விண்ணப்பிப்பதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன.

முதல் வழி, யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கான மாதாந்த உதவி). தம்பதியர் இருவரும் வேலை செய்தால், பராமரிப்புச் செலவில் 85 சதவீதம் வரை இதில் சேர்த்துத் தருவார்கள். 2025–26 நிதியாண்டில் இதன் மாத உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு 1,031.88 பவுண், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1,768.94 பவுண். இரண்டாவது வழி, டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் (அரசு பங்களிக்கும் இணையவழிப் பராமரிப்புக் கணக்கு). நீங்கள் 8 பவுண் போட்டால் அரசு 2 பவுண் போடும். ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்திற்கு 500 பவுண், ஆண்டிற்கு 2,000 பவுண் வரை இப்படிக் கிடைக்கும். பெற்றோரில் ஒருவரின் ஆண்டு வருமானம் 100,000 பவுணைத் தாண்டினாலும் இந்தக் கணக்கு கிடையாது.

சேர்த்துப் பெற முடியாதவை இந்த இரண்டும்தான். ஒரு மாதக் கட்டணம் 900 பவுண் என்று வைத்துக்கொள்வோம். யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் 765 பவுண் சேரும். டாக்ஸ் ஃப்ரீ கணக்கிலோ மாதத்திற்குச் சுமார் 167 பவுணுக்கு மேல் வராது. அப்படியானால் முதலாவதே நல்லது என்று உடனே முடிவெடுக்காதீர்கள். கைக்கு வரும் சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பின், கூடுகின்ற ஒவ்வொரு பவுணுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் 55 பென்ஸ் கழிப்பார்கள். இரண்டு சம்பளம் உள்ள வீட்டில் அது வெறும் சில பவுணாகச் சுருங்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். வாடகை, சம்பளம், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் பொறுத்தே இந்தக் கணக்கு அமைவதால், நண்பர் வீட்டு அனுபவம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. டேர்ன்டூஅஸ், என்டைட்டில்ட்டூ ஆகிய இலவச இணையக் கணிப்பான்களில் உங்கள் விவரங்களை இட்டுப் பார்த்த பிறகே விண்ணப்பத்தைத் தொடுங்கள்.

சேமிப்பையும் கவனியுங்கள். தம்பதியர் இருவருக்கும் சேர்த்து 16,000 பவுணுக்கு மேல் சொத்து இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை. சீட்டு எடுத்து வங்கியில் போட்ட பணமும், ஊரில் உங்கள் பெயரில் உள்ள காணியும் பொதுவாக இதில் அடங்கும். ‘வெளிநாட்டுச் சொத்து இவர்களுக்குத் தெரியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னர் தெரியவரும்போது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதுடன் அபராதமும் வரலாம்.

இங்கிலாந்தில் 2025 செப்டம்பர் முதல், வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு ஒன்பது மாத வயது ஆனதற்கு அடுத்த தவணையிலிருந்து வாரம் 30 மணிநேர இலவசப் பராமரிப்பும் உண்டு. மேலே சொன்ன எந்த வழியுடனும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இது ஆண்டிற்கு 38 வாரங்களுக்கு மட்டுமே. ஆண்டு முழுவதும் பரப்பினால் வாரத்திற்கு 22 மணிநேரம் அளவில்தான் வரும். நேர்சரிக் கட்டணச் சீட்டில் மிச்சத் தொகையைக் கண்டு பலர் பதறுவது இதனால்தான். உணவு, நாப்பி போன்றவற்றுக்கு நேர்சரி பணம் கேட்கலாம். ஆனால் அதைக் கொடுத்தால்தான் இலவச இடம் என்று நிபந்தனை போடக் கூடாது. விவரமான பட்டியல் கேட்டு வாங்குங்கள்.

பணம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் திகதிகளே காரணம். இலவச மணிநேரத்துக்கான குறியீட்டு எண்ணை ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31 ஆகியவற்றுக்குள் பெற்றால்தான் அடுத்த தவணையில் இடம். டாக்ஸ் ஃப்ரீ கணக்கையும் இந்த எண்ணையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். கணக்கில் அரசின் பங்கு வராமல் இருப்பது, எண் செல்லாது என்று நேர்சரி சொல்வது ஆகியவை இதைத் தவறவிட்டதன் அறிகுறிகள். அன்றே உள்நுழைந்து உறுதிசெய்யுங்கள். நீங்கள் போட்ட பணம் எங்கும் போகாது. யூனிவர்சல் கிரெடிட்டில் முதலில் நீங்களே கட்டிவிட்டு, ரசீதுடன் அறிவிக்க வேண்டும். பணம் கட்டிய கணிப்பு மாதத்திற்கு (உங்கள் உதவித்தொகையைக் கணக்கிடும் மாத காலம்) அடுத்த கணிப்பு மாதம் முடிவதற்குள் அது நடக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்பவருக்கு முதல் கட்டணம் பாரமாக இருந்தால், கடன் வாங்கும் முன் உங்கள் வேலை ஆலோசகரிடம் முன்பணம் கேளுங்கள். அதற்கு உதவக்கூடிய ஒரு நிதி இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பிள்ளையை விட்டுக் கையில் காசு கொடுப்பது எளிதாகத் தோன்றும். பதிவு பெறாதவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு எந்த உதவியும் இல்லை. இங்கிலாந்தில் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் வீட்டில் நாளுக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஊதியத்துக்குப் பார்ப்பவர், உறவினர் அல்லாவிடில் பதிவு செய்தே ஆக வேண்டும். உங்களுக்கு உதவப் போய் அவரும் மாட்டிக்கொள்வார்.

விசாவில் பொது நிதி பெறத் தடை உள்ளவர்கள் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு ஆலோசகரைக் கேளுங்கள். அது விசாவையே பாதிக்கக்கூடும். இங்கிலாந்தில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கிடைக்கும் 15 மணிநேரத்துக்கு அந்தத் தடை பொருந்தாது.

அம்மம்மாவோ அப்பம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இன்னொன்று பலருக்கும் தெரிவதில்லை. அவர் இங்கே வசிப்பவராகவும் ஓய்வூதிய வயதை எட்டாதவராகவும், பேரப்பிள்ளை 12 வயதுக்குக் கீழும் இருந்தால், பிள்ளைக் கொடுப்பனவு பெறும் உழைக்கும் தாயோ தந்தையோ தமக்குத் தேவைப்படாத தேசியக் காப்புறுதி வரவை (அரச ஓய்வூதியத்துக்கான ஆண்டுக் கணக்கு) அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். நிதியாண்டு முடிந்து வரும் அக்டோபர் 31க்குப் பிறகு விண்ணப்பியுங்கள். படிவத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.