அமைவுக் கோப்புகள்: காப்பும் மீட்பும்

கடை ஒன்றின் கணினி பழுதுற்றது என்று கொள்வோம். லினக்ஸில் இயங்கிய அக்கணினியில்தான் விற்பனைக் கணக்கும் இருப்புப் பதிவேடும் ரசீது அச்சிடும் பணியும் நடந்து வந்தன. உரிமையாளர் முன்யோசனை உடையவர்; கணக்குக் கோப்புகளை நாள்தோறும் பென்டிரைவில் நகலெடுத்து வந்தார். புதிய வன்வட்டு பொருத்தி, இயங்குதளத்தை நிறுவியதும் கணக்குகள் யாவும் திரும்பக் கிடைத்தன. ஆயினும் கடைவேலை ஓடவில்லை. அச்சுப்பொறி இணையவில்லை, கல்லாவில் இருந்த மற்றொரு கணினியோடு தொடர்பு கிட்டவில்லை, பணியாளர்களின் பயனர் கணக்குகளைக் காணவில்லை. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் செய்த அமைப்புகள் எவை என்பது எவருக்கும் நினைவில் இல்லை.

உரிமையாளர் தரவைக் காத்தார்; அமைவைக் காக்கத் தவறினார். அதற்கான வழியை இக்கட்டுரையில் காண்போம்.

எங்கே இருக்கின்றன?

யூனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், கணினி முழுமைக்குமான அமைவுக் கோப்புகள் பெரும்பாலும் 'இ.டி.சி.' என்னும் ஒரே கோப்புறையில் வைக்கப்படுகின்றன. டெபியன், உபுண்டு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்பதை 'எஃப்எஸ்டேப்' கோப்பு கூறுகிறது. கடவுச்சொற்களின் மறையாக்க வடிவம் 'ஷேடோ' கோப்பில் உள்ளது. நிர்வாக அதிகாரம் எவருக்கு என்பதைச் 'சூடோயர்ஸ்' வரையறுக்கிறது. அச்சுப்பொறி விவரங்கள் 'கப்ஸ்' என்னும் உட்கோப்புறையில் உள்ளன.

இவற்றுள் பெரும்பாலானவை வெறும் உரைக் கோப்புகளே. எளிதில் படிக்கலாம், திருத்தலாம் என்பது வசதி. எஃப்எஸ்டேப்பில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் கணினி தொடங்காமல் நின்றுவிடக்கூடும் என்பது ஆபத்து.

நகலெடுக்கும் முறை

முதலாவது, எந்த அமைவுக் கோப்பையும் திருத்துமுன் அதன் பெயரோடு அன்றைய தேதியைச் சேர்த்து ஒரு நகல் எடுப்போம். 'சிபி' கட்டளையுடன் 'ஏ' என்னும் சிறிய எழுத்து விருப்பத்தைச் சேர்த்தால், கோப்பின் உரிமையாளர், அனுமதி, தேதி ஆகியவையும் மாறாமல் நகலில் இடம்பெறும். சூடோயர்ஸ் கோப்பை மட்டும் 'விசூடோ' கட்டளை வழியாகவே திருத்துவோம். அது பிழை இருக்கிறதா என்று சோதித்த பின்னரே மாற்றத்தை ஏற்கும்.

இரண்டாவது, கோப்புறை முழுவதையும் 'டார்' கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டுவோம். நிர்வாகி அதிகாரத்துடன் இதைச் செய்தல் வேண்டும். இல்லையேல் ஷேடோ போன்ற கோப்புகள் விடுபட்டுப்போகும். 'சி' உருவாக்குவதற்கு, 'இசட்' சுருக்குவதற்கு, 'எஃப்' பொதியின் பெயரைக் குறிப்பதற்கு. பொதியின் அளவு பெரும்பாலும் சில மெகாபைட்டுகளைத் தாண்டாது. கோப்புகளைத் தனித்தனியே பென்டிரைவில் இடுவது தவறு. பல பென்டிரைவ்கள் ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் உரிமையாளர், அனுமதி விவரங்கள் நில்லா. பொதிக்குள் இருந்தால் அவை காக்கப்படும்.

மூன்றாவது, நிறுவிய மென்பொருள்களின் பட்டியலையும் 'டிபிகேஜி' கட்டளையால் பெற்று உடன் வைப்போம். நேரக் கட்டளைகளும் கணக்கு மென்பொருளின் சொந்த அமைப்புகளும் வேறு கோப்புறைகளில் இருக்கக்கூடும். அவற்றையும் தேடிச் சேர்த்தல் நலம்.

பொதியையும் பூட்டுவோம்

இப்பொதிக்குள் கடவுச்சொற்களின் மறையாக்க வடிவமும், வைஃபை கடவுச்சொல்லும் இருக்கும். ஆகவே 'ஜிபிஜி' மூலம் அதனை மறையாக்கம் செய்தல் அவசியம். அதற்கான திறவுச்சொல்லை அதே பென்டிரைவில் எழுதி வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். அதை மறந்துவிட்டாலோ, பொதியைத் திறக்க எவராலும் இயலாது.

பீட்டர் க்ரோக் என்னும் ஒளிப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இங்கு உதவும்: 3 படிகள், 2 வகைச் சாதனங்கள், அவற்றுள் 1 படி வேறிடத்தில். வேறிடம் என்பது உறவினர் இல்லமாகவோ வங்கிப் பெட்டகமாகவோ இருக்கலாம். 'எட்சிகீப்பர்' என்னும் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும். ஆனால் அவ்வரலாறும் அதே வட்டில்தான் இருக்கிறது. வட்டு கெட்டால் அதுவும் போகும்.

மீட்கும் முறை

புதிய கணினியில் பழைய கோப்புறையை அப்படியே மேலெழுதுவது பெரும்பிழை. பழைய எஃப்எஸ்டேப்பில் பழைய வட்டின் அடையாள எண் இருக்கும்; புதிய வட்டுக்கு அது பொருந்தாது; கணினி தொடங்காமல் போகலாம். ஆதலால் பொதியைத் தனிக் கோப்புறையில் பிரித்து, 'டிஃப்' கட்டளையால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, வேண்டிய கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அப்பணி நடக்கிறதா என்று பார்ப்போம்.

தவறான திருத்தத்தால் கணினி தொடங்கவில்லை எனில், லைவ் பென்டிரைவ் மூலம் இயக்கி, பழைய வட்டை இணைத்து, தேதியிட்ட நகலை அதன் இடத்தில் வைத்தால் பெரும்பாலும் போதும். முதலில் எடுத்த சிறு நகலின் அருமை அப்போது விளங்கும்.

சோதிக்காத நகல் நகலன்று

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளக் கோப்புகளைத் தவறுதலாக நீக்கிவிட்டார். அந்நிறுவனம் பல காப்புமுறைகளை ஏற்படுத்தியிருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் பார்த்தபோது, வழக்கமான காப்புநகல் உருவாகவே இல்லை. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. தற்செயலாக ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு படியே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துப் பதிவுகள் மீளவில்லை. இவற்றை அந்நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது.

தேர்ந்த பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இந்நிலை எனில், நாம் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பொதியைத் திறந்து, ஒரு கோப்பையேனும் வெளியே எடுத்து, அது முழுமையாக உள்ளதா என்று பார்ப்போம். இயன்றால் ஒரு பழைய கணினியில் முழு மீட்பையும் ஒருமுறை ஒத்திகை பார்ப்போம். கணக்கேட்டை அவ்வப்போது சரிபார்ப்பது போன்றதே இதுவும். நகலெடுத்த நாளில் அல்ல, அதனை ஒருமுறை மீட்டுப் பார்த்த நாளிலேயே அது உண்மையான காப்பாகிறது.