ஏணி பிடித்தவனுக்கும் பங்கு உண்டா?



ஏழை நோயாளிகள் நிதிக்கு மாதந்தோறும் தம் சம்பளத்திலிருந்து 200 ரூபாய் அனுப்பிவரும் சகோதரர் ஒருவர் எங்களுக்கு எழுதியிருந்தார். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறார். முதலாளி வரி அதிகாரிகளுக்குக் காட்ட ஒரு கணக்கும், தமக்கென ஒரு கணக்கும் வைத்திருக்கிறாராம். "இரண்டையும் எழுதுவது என் கைதான். இந்தச் சம்பளத்தில் வரும் காணிக்கையை நீங்கள் வாங்கலாமா?" என்பது அவர் கேள்வி. அவருடைய சம்மதத்தோடு, பெயரும் ஊரும் இல்லாமல், அதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

திருச்சபைக்கு இது பழைய கேள்வி. எஜமான் ஒரு கன்னிப்பெண்ணைக் கெடுப்பதற்காக ஜன்னல் ஏறும்போது, விவரம் தெரிந்தே தோள் கொடுக்கும், ஏணி சுமக்கும் வேலைக்காரனுக்குச் சாவான பாவம் இல்லை என்று ஒரு காலத்தில் சிலர் போதித்தார்கள். எஜமான் முறைத்துப் பார்ப்பார், வீட்டைவிட்டுத் துரத்துவார் என்ற பயமே போதுமான காரணமாம்! 1679-இல் திருத்தந்தை 11-ம் இன்னசென்ட் இந்தப் போதனையைக் கண்டித்துத் தள்ளினார்.

அதற்காக, பிறர் செய்யும் தவற்றின் நிழல் பட்டவர்கள் எல்லாரும் பாவிகள் என்று சொல்லிவிடவும் இல்லை. நேப்பிள்ஸில் வழக்கறிஞராயிருந்து 1723-இல் அத்தொழிலை விட்டு, பின்பு குருவான புனித அல்போன்ஸ் லிகோரியார், உடந்தையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். அடுத்தவனின் கெட்ட எண்ணத்தில் நாமும் மனம் ஒத்தால், அது எக்காரணத்தாலும் ஆகாது. மனம் ஒவ்வாமல், நம் செயல் மட்டும் அவனுக்கு உதவியாகிப்போனால் நிதானித்துப் பார்க்க வேண்டும். நாம் செய்யும் செயல் தன்னிலே தவறற்றதா? தவற்றுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம்? நம்முடைய காரணம் அந்தத் தீமைக்கு ஈடான அளவு கனமானதா? பார்ப்பவர்களுக்குத் துர்மாதிரிகை ஆகுமா?

அந்தக் கடையில் மூட்டை தூக்குகிறவரும் சரக்கு நிறுத்துக் கொடுக்கிறவரும் செய்வது நேர்மையான உழைப்பு. முதலாளியின் வரி ஏய்ப்புக்கு அவர்கள் வெகு தூரம். நம் சகோதரரின் நிலை வேறு. பொய்யான தொகையை எழுதும்போது அந்தப் பொய்யே அவர் கையால் நடக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம் சிறியதல்ல. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் அவருக்கு. அந்தப் பயம் அவருடைய குற்றத்தின் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் பொய்யை மெய்யாக்காது.

இதை மேலே இருந்துகொண்டு சொல்லவில்லை. நம் மருத்துவமனைக்கே விடுப்புக்காக முன்தேதியிட்ட சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் உண்டு, அதுவும் தெரிந்தவர்கள்! "ஒரு கையெழுத்துத்தானே டாக்டர்" என்பார்கள். பதிவேட்டை எடுத்துக் கொடுக்கும் ஊழியருக்கு விஷயமே தெரியாதிருக்கலாம். கையெழுத்திடுகிற டாக்டர் அப்படிச் சொல்ல முடியாது. மறுத்ததால் சில நண்பர்களை இழந்திருக்கிறோம்.

சகோதரருக்கு இப்படி எழுதினோம்: உண்மைக் கணக்கை மட்டும் எழுதுவதாக முதலாளியிடம் தனியே, மரியாதையோடு சொல்லுங்கள். அவர் இசையாவிட்டால் அந்தப் பொய்க் கணக்கில் உங்கள் கை படவேண்டாம். இன்றே வேறு வேலை தேடத் தொடங்குங்கள். உங்கள் பங்குக் குருவிடமும் பேசுங்கள். காணிக்கையைப் பொறுத்தவரை, நீங்கள் நேர்மையாகச் செய்யும் வேலைக்கு வாங்கும் கூலி உங்களுடையதே. அதை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறோம்.

முதலாளியிடம் பேசிவிட்டதாகப் பதில் வந்தது. இன்னும் முடிவு தெரியவில்லை. இந்த மாதக் காணிக்கையும் வந்து சேர்ந்தது, ரசீது அனுப்பியிருக்கிறோம். அவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் செபியுங்கள்.