கருவில் நடு அடுக்கு அமைவது எவ்வாறு?

இதயம், தசை, குருதி ஆகிய யாவும் கருவின் நடு அடுக்கிலிருந்தே தோன்றுகின்றன. ஒரே முட்டையிலிருந்து பிறந்த உயிரணுக்களுள் சில மட்டும் நடு அடுக்காக மாறுவானேன்? சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் படிக்க வந்த நாள் முதல் என் மனத்தை விட்டு அகலாத வினா இது.

இதற்கு விடை காண உதவியது வரிக்குதிரை மீன். விரல் நீளமும் இல்லாத இம்மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் வாழ்வது. கங்கை மீன்களைப் பற்றி ஹாமில்டன் எழுதி 1822-இல் வெளிவந்த நூலில் இது இடம் பெற்றது. இதன் கரு தாயின் உடலுக்கு வெளியே வளர்வது, கண்ணாடிபோல் தெளிவானது. ஆகவே அதன் வளர்ச்சியை நுண்ணோக்கியில் நேரே காணலாம்.

கருவுற்ற நான்கைந்து மணி நேரத்தில் உயிரணுக்கள் மஞ்சட்கருவின்மேல் தொப்பிபோல் கவிந்திருக்கும். தொப்பியின் விளிம்பிலிருந்து 'நோடல்' வகைப் புரதங்கள் கசிந்து அண்டை உயிரணுக்களை அடைகின்றன. மிகுதியாகப் பெற்றவை அக அடுக்காகவும், குறைவாகப் பெற்றவை நடு அடுக்காகவும் மாறுகின்றன. எட்டாத் தொலைவில் உள்ளவை புற அடுக்காகின்றன. பெறும் அளவும், பெறும் நேரமும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இவ்வகையில் ஸ்குவின்ட், சைக்ளாப்ஸ் எனும் இரண்டு முதன்மையானவை. இரண்டின் மரபணுக்களும் பழுதுற்ற கருக்களை 1998-இல் ஆராய்ந்தனர். தலையிலும் உடலிலும் நடு அடுக்கு பெரும்பாலும் தோன்றவேயில்லை. வாலில் மட்டும் எஞ்சியது. இரண்டும் செல்லும் தொலைவும் வேறு என்பது 2001-இல் தெளிவாயிற்று. திருமலைப் பாதையின் விளக்குகள் திருப்பதியில் நிற்பவனுக்குத் தெரியும். சித்தூரில் நிற்பவனுக்குத் தெரியா. சைக்ளாப்ஸ் அத்தகையது. ஸ்குவின்டோ சித்தூர் வரை எட்டும் வானொலி போன்றது.

செய்தி எல்லை மீறினால் என்னாகும்? அதற்கும் காவல் உண்டு. நோடல் செயற்படும்போதே 'லெஃப்டி' எனும் புரதத்தையும் தூண்டி உண்டாக்குகிறது. அது நோடலைவிட விரைந்து பரவி, நோடலையே தடுக்கிறது. லெஃப்டி முற்றிலும் இல்லையேல் நடு அடுக்கும் அக அடுக்கும் மிகைப்பட்டுக் கரு மடிகிறது.

நோடலின் செய்தியை 'எஃப்.ஜி.எஃப்.' எனும் புரதம் மேலும் கடத்துகிறது. 'பி.எம்.பி.' எனும் மற்றொன்று நடு அடுக்கின் வகையைப் பிரிக்கிறது. அது குறைந்த முதுகுப்புறத்தில் முதுகுநாணும், மிகுந்த வயிற்றுப்புறத்தில் குருதியும் உண்டாகின்றன.

இது மீனோடு முடிந்த கதையன்று. நம் கருவிலும் நோடல் உண்டு. அதன் மரபணுப் பழுது பிறவி இதயக் குறைகளோடு தொடர்புடையது. எனவே நண்பர்களே, கண்ணாடித் தொட்டியில் இம்மீனைக் காணும்போது சற்றே நின்று பாருங்கள். நம் இதயம் உருவான வழியை நமக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் அதுவும் ஒன்று.